பியானோவுக்குள் ஒரு ரப்பர் துண்டு

ஜூன் 3, திங்கள்
இன்று பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதை வாசித்த அக்கா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் அவரை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் சமைக்க ஆள், காரோட்ட ஆள், தோட்டத்துக்கு ஆள் உண்டு. பேசத்தான் ஆள் இல்லை.

இந்த முறை மகளையும் கூட்டி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் கம்பிகளை முறுக்க, அவள் ஒவ்வொரு கட்டையாகத் தட்டினாள். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நான்கு முறை போனேன். நான்காவது முறை, "எங்களப் பாத்தா அவ்ளோ தாகமாவா தெரியுது?" என்றாள்.

ஜூன் 4
இனி டிசம்பரில்தான் வருவாள். படித்த வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6
செய்துவிட்டேன். மூடியைத் தூக்கி, நடுவிலிருக்கும் கம்பிகளுக்குள் ஒரு ரப்பர் துண்டைச் செருகினேன். அந்தக் கட்டை இப்போது 'டொக்' என்கிறது. பழுது என்றால் அவரைத்தானே கூப்பிட வேண்டும்? ஆனால் பழுது என்று யாரிடம், எப்படிச் சொல்வது — அதை யோசிக்கவே இல்லை. அறிவாளி.

ஜூன் 7
நான் சொல்லவே தேவைப்படவில்லை. காலைச் சாப்பாட்டில் அம்மா அப்பாவிடம், "அந்த ஆளு ஒழுங்கா வேலை பாக்கல. ஒரு கட்டை செத்துக் கிடக்கு. இனிமே அவர் வேணாம், திங்கக்கிழமை வேற ஆளு வர்றாரு" என்றாள். 'செத்து' என்றதும் அப்பா பாதித் தட்டோடு எழுந்து போனார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அது சரி — யாரும் தொடாத பியானோ. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூன் 8
மதியம் பியானோ அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்காத அம்மா, துணியை வைத்துக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக. ஒன்றின் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்தது. நான் கெடுத்த கட்டைக்கு வந்ததும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். தினமும் இப்படித்தானா? இத்தனை நாளும் எனக்குத் தெரியாமலா?

ஜூன் 9, ஞாயிறு
நாளை புது ஆள் வருகிறார். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவருக்குக் கெட்ட பெயர், அவளையும் இனிப் பார்க்க முடியாது. சொன்னால் அக்காவின் பொருளில் கை வைத்தவன் ஆவேன். காலையிலிருந்து மாடிப்படி ஏறி இறங்குகிறேன்.

மாலை
சொல்லிவிட்டேன். ரப்பர் துண்டை எடுத்து அம்மா கையில் வைத்தேன்.

"நான்தாம்மா வச்சேன். அவர் மேல தப்பில்ல."

"எதுக்குடா?"

"அந்தப் பொண்ணு மறுபடி வரணும்னு."

அறை விழும் என்று நின்றேன். அம்மா என்னையே பார்த்தாள்.

"அவ பேரென்ன?"

"கேக்கல."

"கேக்கலையா? உங்கக்காவா இருந்தா மொத நாளே கேட்டுட்டு வந்திருப்பா."

சொன்னபிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா, விலாசத்தையும் சேத்துக் கேட்டிருப்பா" என்றேன். அம்மா சிரிக்க ஆரம்பித்து அழுதாள். நானும்தான்.

ஜூன் 10
அம்மா புது ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காலைச் சாப்பாட்டில் அக்காவின் பேச்சு வந்தது. முதன்முதலில் மேடையேறியபோது அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள் என்றாள் அம்மா. அப்பாவின் நாற்காலி நகர்கிறதா என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "நீலம் இல்ல, பச்சை" என்றார்.