அப்பா கட்டிய பரணை இறக்கிவிட்டேன்

ஹோவ்டே பண்ணை, விஸ்கான்சின்
செப்டம்பர் 8, ஞாயிறு

அன்பு மகள் மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. நான் வீட்டிலும் அப்பா முதியோர் இல்லத்திலுமாக இருவரும் சுகம். அலாஸ்காக் கடலில் மீன் கப்பலில் இருக்கும் நீயும் சுகம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. போனிலேயே சொல்லலாமே என்பாய். போன ஞாயிறு நாம் பேசியதில் பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதிப் பாதியை நான் மறைத்துவிட்டேன். மறைத்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் படிக்கும்போது பதறாதே, எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை, தக்காளி செடியிலேயே வெடிக்கிறது, தின்ன ஆளில்லாமல் முப்பது ஜாடி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். ஓக் மரங்களில் காய் அப்படிக் காய்த்திருக்கிறது, காற்றடித்தால் கொட்டகைத் தகரத்தில் கல்லெறிகிற மாதிரி சத்தம். மான்கள் மேட்டுக் காட்டை விட்டு நகரவே இல்லை. வருகிற சனிக்கிழமை வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. ஜூலையிலிருந்தே நானும் தயார் செய்துகொண்டுதான் இருக்கிறேன். தோள்பட்டை வலி உனக்குத் தெரியும், அதனால் வில்லைக் கடைக்கு எடுத்துப் போய் நாண் இழுவையை ஐம்பது பவுண்டிலிருந்து நாற்பத்திரண்டாகக் குறைக்கச் சொன்னேன், கடைக்காரர் டென்னியிடம் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் திருகாணியைத் திருகிக்கொண்டே, “மானுக்கு எத்தனை பவுண்டுன்னு கணக்குத் தெரியாது, ஆர்லிஸ். அம்பு எங்க பட்டுச்சுங்கறதுதான் அதுக்குத் தெரியும்” என்றார். நாணுக்கு மெழுகு தேய்த்தாயிற்று. ஒவ்வோர் அம்பையும் காதோரம் வளைத்துப் பார்த்து, விரிசல் சத்தம் கேட்ட இரண்டை உடைத்துப் போட்டாயிற்று. தினமும் சாயங்காலம் கொல்லையில் இருபது கஜத்தில் பத்து அம்பு. இருபதைத் தாண்டி நிற்கிற மானை, எவ்வளவு பெரிய கொம்பு வைத்திருந்தாலும், விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன், காயம்பட்ட மானைத் தேடிக்கொண்டு தனியாக இருட்டும்வரை அலைய என்னால் ஆகாது. அப்பா வீட்டில் இருந்தபோது பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வோர் அம்புக்கும் ஏதாவது குறை சொல்வார், கையை இறுக்குகிறாய், மூச்சை அடக்குகிறாய் என்று. அப்போது எரிச்சலாக வரும். இப்போது பத்தும் ஒரே இடத்தில் போய்த் தைத்தாலும் நானே நடந்து போய் நானே பிடுங்கிக்கொண்டு வருகிறேன், பார்க்க யாருமில்லை.

இனி மறைத்த விஷயம். ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, அதுவும் ஞாயிறுதான், சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உடை மாற்றிக்கொண்டு மேட்டுக் காட்டு வெள்ளை ஓக்கில் அப்பா கட்டிய பரணைப் பார்த்துவரப் போனேன். பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது, வில்கூட எடுத்துப் போகவில்லை, சும்மா பார்த்துவிட்டு வருகிறதுதானே என்று போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். உடம்பில் பாதுகாப்பு வாரை மட்டும் மாட்டிக்கொண்டேன், அதுவும் நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பியது, அன்றைக்கு உன்னிடம் எனக்கு எதற்கு இந்தக் குதிரைச் சேணம் என்று முணுமுணுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? தரையில் நிற்கும்போதே மரத்திலிருந்து தொங்கும் பாதுகாப்புக் கயிற்றில் வாரைக் கோத்துக்கொண்டு ஏறினேன். பதினைந்தடி உயரம். பரணில் ஒரு காலை வைத்து மறுகாலையும் எடுத்து வைத்தேன், அவ்வளவுதான், பலகையை மரத்தோடு இறுக்கிப் பிடித்திருந்த நைலான் பட்டை அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பரண் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது, நான் இன்னொரு பக்கம் வாரில் தொங்கினேன். தரை எனக்குக் கீழே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, சுற்றியது நான்தான் என்று சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

கத்தினேன். ஐந்தாறு தடவை கத்திய பிறகு ஒரு நீலக்குருவி பதில் கத்தியது, வேறு யாருமில்லை. மரத்தில் ஏறுகிற படிகள் தண்டின் அந்தப் பக்கம், கைக்கு எட்டவில்லை. தொடையில் வார் இறுக்கி இறுக்கிக் கால் மரத்துக்கொண்டே வந்தது. பயம் இருந்தது மாரிட், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மனசு அப்போது வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஞாயிறு, நான் வீடு திரும்பவில்லை என்று யாருக்கு முதலில் தெரியும் என்ற கணக்கு. பக்கத்துப் பண்ணை லிண்டால் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். தபால் கொண்டுவருகிற பெண் பெட்டி நிரம்பினால்தான் கவனிப்பாள், எனக்கு வருகிற தபாலுக்கு அது நிரம்ப ஒரு வாரம் ஆகும். புதன்கிழமை நான் அப்பாவைப் பார்க்கப் போகாவிட்டால் எனக்கு ஏதோ வேலை என்று இல்லத்தில் நினைத்துக்கொள்வார்கள். நீ பேசுவது மாதம் இரண்டு ஞாயிறு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், புதன் தாண்டி வெள்ளி வரைக்கும் என்னைத் தேட ஓர் ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கயிற்றில் தொங்கியபோது எனக்கு அழுகை வந்தது வலியால் இல்லை, இதனால்தான்.

அழுது முடித்த பிறகுதான் வாரின் பையில் ஒரு கால்வளையம் சுருட்டி வைத்திருக்கும் என்று நீ சொன்னது நினைவு வந்தது. அதை எடுத்துக் கயிற்றில் மாட்டி, கால் வைத்து எழுந்து நின்றேன், தொடைக்கு ரத்தம் திரும்பியதும் ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அப்படியே உடம்பை ஆட்டி ஆட்டி, நாலாவது தடவை படியைப் பிடித்துவிட்டேன். மொத்தம் அரைமணி நேரம் இருக்கும். கீழே இறங்கி வேர்மேல் உட்கார்ந்து அறுந்த பட்டையைப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் அணில் கடித்து, விரலால் கிழித்தாலே கிழிகிற நிலையில் இருந்தது. வருஷா வருஷம் பருவம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவிட வேண்டிய பட்டை. இரண்டு வருஷமாக மழையிலும் பனியிலும் அங்கேயே கிடந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசுவது ஒரு வார்த்தை இரண்டு வார்த்தைதான், அதுவும் பாதி நேரம் வேறு எதையோ சொல்வார், அதனால் அவரிடம் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி என்று நினைத்துத்தான் சொன்னேன். சூப்புக் கரண்டியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். “பட்டை. மாத்தலையா?” என்று கேட்டார். நீங்கள் வந்து மாற்றுவீர்கள் என்று இருந்தேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவர் கட்டியதை நான் அவிழ்த்தால் அவர் இனி வரமாட்டார் என்று ஆகிவிடும் அல்லவா, அதனால்தான் இரண்டு வருஷம் கை வைக்காமல் விட்டிருந்தேன். அப்பா என் மணிக்கட்டை விட்டார். பிறகு, “நான் வரமாட்டேன், ஆர்லிஸ். எறக்கிடு” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் முழுதாகச் சொன்னது இதுதான். சூப்பு ஆறிப்போய்விட்டது, சூடு பண்ணிக் கொண்டுவரச் சொன்னேன், மீதியையும் குடித்தார்.

மறுநாளே டென்னியை உடன் அழைத்துப் போய் பரணை இறக்கிவிட்டேன். இந்த வருஷம் மரமேறப் போவதில்லை, ஓடைப் பக்கம் தரையிலேயே ஒரு துணிக்கூடாரம் போட்டிருக்கிறேன், மான் தடம் பதினாறு கஜத்தில், என் வாடை மானுக்குப் போகாதபடி காற்று மேற்கிலிருந்து வீசினால் மட்டும் போய் உட்காருவேன். பிறகு ஒரு தாளில் எங்கே உட்காருவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வண்டி எங்கே நிற்கும் என்று எழுதினேன். எழுதிய பிறகு கொடுக்கப் பக்கத்தில் ஆளைத் தேடினால் சாலைக்கு அந்தப் பக்கம் ரோசலிண்ட் ஒருத்திதான். மூன்று வருஷம் முன் சிகாகோவிலிருந்து வந்து சோரன்சன் நிலத்தை வாங்கி, எல்லை மரமெல்லாம் வேட்டை கூடாது என்று பலகை அடித்தாளே, அவள்தான். கையசைத்ததோடு சரி, பேசியதே இல்லை. ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும், “என் நிலத்துல வேட்டைக்கு அனுமதி கேட்டு வந்திருந்தா, முடியாதுன்னு இப்பவே சொல்லிடறேன்” என்றாள். அனுமதி வேண்டாம், சொன்ன நேரத்துக்கு நான் திரும்பாவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று தாளை நீட்டினேன், நடந்ததையும் சொன்னேன். வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். “நீங்க மானைக் கொல்றது எனக்குப் பிடிக்கலை. நீங்க செத்துக் கிடக்கறதும் பிடிக்கலை” என்றாள். அப்புறம், திரும்புவது காலை பத்தரை என்று எழுதியிருந்ததில் விரல் வைத்து, “முப்பது வருஷம் பியானோ சொல்லிக் கொடுத்தவ நான். பத்து முப்பத்தொண்ணுக்குப் போனைக் கையில எடுத்துருவேன், அப்புறம் போலீஸ் வந்து உங்க மானையெல்லாம் விரட்டினா என்னைக் கேக்கக்கூடாது” என்றாள். அடிபட்ட மான் உங்கள் நிலத்தில் வந்து விழுந்தால் என்று கேட்டேன். அப்போது கேளுங்கள், அப்போது சொல்கிறேன் என்றுவிட்டாள். காப்பி கொடுக்கவில்லை. ஆனால் தாளை உள்ளே எடுத்துப் போய் பியானோமேல் வைத்ததை நான் பார்த்தேன்.

வில்லை விற்றுவிடுங்கள் அம்மா, உங்களுக்கு இனி எதற்கு என்று அன்றைக்கு நீ சொன்னாய், அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். விற்றால் இந்தப் பண்ணையில் எனக்குச் சமையலறையும் புதன்கிழமையும்தான் மிஞ்சும். அந்த ஓடைக்கரையில் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்காரும்போது மட்டும்தான் தனியாக இருப்பது எனக்குத் தனிமையாகத் தெரிவதில்லை. நான் கவனமாக இருப்பேன், அதற்கு மேல் கேட்காதே.

உனக்கு ஒரு குறையும் வராமல் கர்த்தர் காப்பாராக, உன் கப்பலில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும். மேல்தளத்தில் நிற்கும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே, வேலைக்கு இடைஞ்சல் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். கப்பலேறும் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் போகிறீர்கள், என்றைக்குக் கரைக்கு வருவீர்கள் என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு ஏறு. இங்கிருந்து நான் ஓடிவந்து ஒன்றும் செய்துவிட முடியாதுதான். ஆனாலும் சொன்ன நாளில் நீ வரவில்லை என்றால், அன்றைக்கே அது தெரிகிற ஒருத்தி இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஆர்லிஸ் ஹோவ்டே