வரிசையில் நின்றவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசும்போது ஏன் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் தருகிறார் என்று நீ நாலு தடவை கேட்டுவிட்டாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் விளம்பர நிறுவனத்துக்கு ஒரு புது போனை விளம்பரப்படுத்தும் வேலை வந்தது உனக்குத் தெரியும். அதற்குப் போட்டியாக எதிரே நிற்பது பெரிய கம்பெனி. அவர்கள் போன் வெளிவரும் நாளில் கடை வாசலில் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தையே கிண்டல் செய்துவிடலாம் என்றார் மேலாளர். கிண்டல் எனக்குக் கைவந்த கலைதானே. நான் எழுதிய விளம்பரத்தில், மடக்கு நாற்காலியோடு ஒரு பெரியவர் ஐந்து மணி நேரம் காத்திருந்து, விற்பவரிடம், "தம்பி, இதுல என் பொண்ணு முகம் தெளிவாத் தெரியுமா?" என்று கேட்பார். தெருவில் போகிற ஒருத்தி எங்கள் போனை உயர்த்தி, "எங்களுக்கு நிக்காமலே தெரியுதே!" என்பாள்.

நீ வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதினாய். அப்பாவுக்கும் அனுப்பி வைத்தாய்.

அக்கா, அந்தக் கேள்வி என் கற்பனை இல்லை. நீ வெளிநாடு போன புதிதில், அப்பாவின் பழைய போனில் உன் முகம் கட்டம் கட்டமாக உடையும். பெரிய கம்பெனி போன் வந்த அன்று, லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே மடக்கு நாற்காலியோடு வரிசையில் போய் நின்றார். உன்னிடம் மட்டும் வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். விற்பவரிடம் அவர் அதைக் கேட்டதும் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தைத்தான் விளம்பரமாக எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பியதை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து மூன்று முறை பார்த்தார். "நாற்காலிய இப்படியா மடிப்பான், கை நசுங்கிடும்" என்றார். பிறகு, "நல்லா எழுதியிருக்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்துதான் உனக்கு முகத்தைக் காட்டுவதில்லை.

மறுநாளே அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஜனங்கள் சிரிப்பதே அங்கேதான் என்றார் மேலாளர். உண்மையை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அப்புறம் அவர், "அப்போ அடுத்ததுல அப்பாவையே நடிக்க வெச்சிடலாமா?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. விளம்பரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேருந்தில் ஏறினால் யாராவது ஒருவர் அந்த வரியைச் சொல்லிச் சிரிக்கிறார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடக்கிறேன்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். விடு என்றார். ஆனால், "அக்காவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவா, சொல்லிடாதே" என்று கெஞ்சினார். கெஞ்சினார், அக்கா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதனால் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. முகத்தைக் காட்டுங்கள் என்று வற்புறுத்தவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வந்துபோக விடுப்பு எத்தனை நாள் கிடைக்கும் என்று மட்டும் உடனே எழுது.

உன் அன்புத் தங்கை