துடைக்கத் துடைக்க நாறிய மூலை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே வெளிநாட்டில் நீயும் உன் பூனையும் அடிபடாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

டிக்கெட் விலையை ஏற்றினார்கள் என்று ஊரே திரண்டு பஸ்களைக் கல்லால் அடித்தது, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வெடித்துச் சைக்கிள் கடையை அடித்துக்கொண்டு போனது, எல்லாம் ஒரே வருடம். நீ பிறக்கவில்லை. பெரியப்பா, நான், சித்தப்பா, உன் அத்தை, நாலு பேரும் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அத்தை ஒரு கடுவன் பூனை வளர்த்தாள். அது பெரியப்பாவின் கட்டில் தலைமாட்டு மூலையில் மூத்திரம் பீச்சும், மூக்குக்குள் ஊசி ஏற்றுகிற நாற்றம். பெரியப்பா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர், அங்கே கண்ணாடி துடைக்கிற அமோனியாத் தண்ணியைக் கேனில் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தார். மறுநாள் பூனை அதே இடத்தில் இன்னும் அதிகமாகப் பீச்சியது. அவர் மறுபடி ஊற்றினார், அது மறுபடி பீச்சியது. அந்தத் தண்ணியின் நெடியும் பூனை மூத்திர நெடியும் அண்ணன் தம்பி மாதிரி, வேறொரு கடுவன் வந்து எல்லை போட்டுவிட்டதென்று அது நினைத்துக்கொள்ளும் என்று மாட்டு டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது, "அண்ணே, நீங்க கடுதாசி போடுறீங்க, அது பதில் போடுது, நடுவுல எங்க மூக்குதான் போவுது" என்று சிரிப்பான். பெரியப்பா சிரிக்கவில்லை. தன்னை அவமானப்படுத்த அத்தைதான் பூனையைப் பழக்கிவிட்டாள் என்று நம்பினார், பழகுகிற மூளை இருந்தால் அது ஏன் எங்களோடு குடியிருக்கப்போகிறது.

ஒரு காலையில் அவருடைய வேலைச் சட்டைமேலேயே பீச்சிவிட்டது. வண்டி தூக்குகிற ஜாக்கிக் கம்பியை எடுத்தார். முதல் அடி பூனையின் இடுப்பில், அது கத்தக்கூட இல்லை, பின்னங்காலை இழுத்துக்கொண்டு அத்தையின் மடிக்குப் போனது. "விடுடி அத, இல்லன்னா ஒனக்கும் சேர்த்துத்தான்" என்றார். அவள் விடவில்லை. அடுத்த அடியில் அவளுடைய வலது முழங்கை விறகு மாதிரி முறிந்து எலும்பு வெளியே வந்தது. மாடிப்படியில் விழுந்தாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தது பொய். இதை இடது கையால் எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் பெரியப்பாவை இடுப்போடு கட்டி இழுத்தேன், கம்பியின் மறுமுனை பட்டு என் முன்பல் இரண்டும் உதிர்ந்தன. அவள் தலைக்கு ஓங்கினார். துணி வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பா கத்தரிக்கோலோடு பாய்ந்து அவர் தொடையில் குத்தினான், தொடையில் குத்தினால் ஆள் சாகமாட்டான் என்று நினைத்தானாம். குழாய் உடைந்த மாதிரி ரத்தம் அடித்தது. போர்வையைத் திணித்தோம், நிற்கவில்லை. "இப்பவும் நாறுதுடா" என்றார் பெரியப்பா, அதுதான் கடைசிப் பேச்சு.

இப்போது உன் விஷயம். மாப்பிள்ளை சோபா நாறுகிறதென்று பூனையைச் சுவரில் அடித்தார், நீதான் பழக்கிவிட்டாய் என்றார் என்று போனில் சொல்லிவிட்டு, அவர் நல்லவர்தான்பா என்றும் சொன்னாய். சோபாவுக்கு வழி சொல்கிறேன். ஈரத்தைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடு, பச்சைத் தண்ணீர் விடு, பிறகு பாதிக்குப் பாதி வினிகர், காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவிக் கூட்டிவிடு. வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதே, மூச்சை அடைக்கும். மணல் தட்டை தினமும் மாற்று, டாக்டரிடம் காட்டிக் காயடித்துவிடு, பீச்சுவது குறையும். அவ்வளவும் செய்து சோபா மணத்தாலும் அந்தக் கை அங்கேயேதான் இருக்கும். "பூனமேல விழுந்த கை அடுத்து எங்க விழும்னு என் முழங்கையக் கேக்கச் சொல்லு" என்கிறாள் அத்தை.

தீர்க்காயுசாக இரு, உன் மேல் ஒரு துரும்பும் படவேண்டாம். பாஸ்போர்ட்டை அவர் அலமாரியிலிருந்து எடுத்து உன் கைப்பையில் வை, மறக்காதே. வந்தால் பூனையோடு வா. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பெரியப்பா அங்கேயே போனார், சித்தப்பா ஜெயிலில் இருமி இருமிப் போனான், என் கணக்கும் முடியப்போவது டாக்டர் முகத்திலேயே தெரிகிறது. நான் இல்லாவிட்டாலும் நீ வந்து தட்டினால் கதவைத் திறக்க ஒருத்தி உயிரோடு இருக்கிறாள், உன் அத்தை.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா