ஒரு வகுப்பே குடியிருந்த வீடு

மிஸ், இன்று காலையில் மொழிக்கூடத்து ஹெட்போன்களுக்குப் புதிய பஞ்சுறை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர மேசையில் இருந்ததைக் கையில் எடுத்ததும் உங்கள் தைலத்தின் வாசம் வந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து, கச்சான் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. அந்தப் பஞ்சுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. கழற்றியதை எறியவும் மனமில்லை, திரும்ப மாட்டவும் ஏலாது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை முழுதாகச் சொல்லக்கூடிய ஆள் எனக்கு நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இந்த வளாகத்தின் பிரெஞ்சு விரிவுரையாளர். நான் மொழிக்கூடத்துக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கிண்ணியாக்காரன். வயதில் கொஞ்சம் மூத்தவன் என்று முதல் நாளே, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, என்னை நானா ஆக்கிவிட்டீர்கள், பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் வராது. "இவ்வளவு காலம் இந்த அறைக்குள்ள இருக்கிறீங்கள் நானா, காதுக்குள்ள ஒண்டுமே போகேல்லையா?" என்று கேட்பீர்கள். "மெசின் ஓடினாக் காணும் மிஸ்" என்பேன். அந்தப் பதிலில் எனக்குப் பெருமை வேறு.

ஒலிப்பதிவுகளை வெள்ளிக்கிழமைகளில் செய்தோம். நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் கதவைச் சாத்தி, சத்தம் போடுகிற மின்விசிறியை நிறுத்துவோம். இருவரும் வியர்வையில் குளிப்போம். நல்லாகப் போய்க்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் ஏதாவது கப்பல் ஊதும். "அவருக்கும் பிரெஞ்சு படிக்க ஆசை போல" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவீர்கள். முதலில் ஒரு கேள்வி. பிறகு பிள்ளை தன் பதிலைச் சொல்லச் சற்று நேரம் மௌனம். அதன்பிறகு மாதிரிக்கு உங்கள் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் முன் உங்கள் இளைப்பு மூச்சு ஒன்று பதிவில் விழுந்துவிடும். வெட்டி எடுக்கவா என்று கேட்டேன். "விடுங்கோ நானா. நான் மூச்சு விடுறனான் எண்டு பிள்ளையளுக்கும் தெரியட்டும்."

அந்த மூச்சுத்தான் கடைசியில் உங்களைக் கைவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு இருந்தது. நான் மெசினைப் போட்டு வைத்துக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது உங்கள் மேசையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சேமக்காலையில் பிள்ளைகள் வரிசையில் வந்து குழிக்குள் மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன்.

உங்கள் இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "கொழும்பில வேலை கிடைக்கிற ஆள் இங்க ஏன் வரப்போறார் நானா? வாய்மொழிப் பரீட்சையில பிள்ளையள் தேறினா வகுப்பை வைச்சிருப்பம். இல்லாட்டி மூடுறதுதான்." அந்தப் பிள்ளைகள் சுற்றுலாத்துறை படிக்கிறவர்கள். பிரெஞ்சில் தேறினால் நிலாவெளி ஹோட்டல்களில் பயிற்சி கிடைக்கும் என்று சொல்லி, வீடு வீடாகப் பேசிச் சேர்த்தது நீங்கள். அவர்களை நடுவழியில் விட்டுவிட்டுப் போக எனக்கு ஏலவில்லை. எனக்குத் தெரிந்தது மெசினை ஓட்டுவது. ஓட்டினேன்.

தினமும் உங்கள் குரலைப் போட்டேன். தொடக்கத்தில் மௌனம் வருகிற இடத்தில் பிள்ளைகள் திக்கினார்கள். போகப் போக மௌனத்தில் பேசாமல் இருந்துவிட்டு, நீங்கள் சொல்லும் பதிலைக் கூடவே சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு பிசகு இல்லை. உங்கள் குரல் எது, அவர்கள் குரல் எது என்று பிரிக்க ஏலாத அளவுக்கு வந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "மிஸ் இருந்திருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்று சொன்னேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்.

பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். எல்லாம் அச்சொட்டாக நீங்கள் சொல்வது போலவே இருந்தது. மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன். பாதிப் பேர் முடிந்ததும் அவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஓர்ஸ் ஹில்ல ஒரே வீட்டிலயா இருக்கிறாங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"எல்லார் வீட்டு ஜன்னல்லயும் துறைமுகம் தெரியுதாம். எல்லாரும் ஒரு கிழட்டுப் பூனை வளர்க்கிறாங்களாம். எல்லாருக்கும் நண்டுக்கறி விருப்பமாம், டொக்டர் வேணாம்னு சொல்லிட்டாராம். பதில் சொல்ல முந்தி எல்லாரும் ஒரு மாதிரி மூச்சு இழுக்கிறாங்க. அது என்ன?"

"அது எங்கட மிஸ்" என்றேன். "அவ மௌத்தாகிட்டா."

அவர் பேனையை வைத்துவிட்டார். "பாடமாக்கினதுக்கு நான் புள்ளி போட ஏலாது ஐயா. ரெண்டு கிழமை தாறேன். அவங்கவங்க வீட்டுக் கதையைச் சொல்லட்டும். அந்தக் குரலை மட்டும் இனிப் போடாதீங்க."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வகுப்பில் நீங்கள் மேசை மேசையாகப் போய், பிள்ளைகளின் ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கி, பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் செல்லமாகக் கோபிப்பீர்கள். என் வீட்டைச் சொல்லாதே, உன் வீட்டைச் சொல் என்றுதான் கோபித்திருப்பீர்கள். நான் ஒருநாளும் என்னவென்று கேட்கவில்லை.

அடுத்த நாள் உங்கள் குரலை நிறுத்தினேன், மிஸ். செய்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, குரலை நிறுத்திய அன்றுதான் வந்தது. பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொன்னேன். சரியா பிழையா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடிபடுகிற ஒரே சொல், உங்கள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில். ஊர்ப் பெயர் எந்த மொழியிலும் ஊர்ப் பெயர்தானே. மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். யார் வாயிலிருந்தாவது ஓர்ஸ் ஹில் வந்தால் மடக்கிய விரலால் மேசையில் தட்டுவேன். அவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் நாட்களில் அறை தச்சுப் பட்டறை போல இருந்தது.

சல்லிக் கிராமத்துப் பிள்ளை தர்ஷினி அழுதே விட்டாள். "மிஸ்ஸின்ட குரல் இல்லாட்டி எனக்கு வாயே வருகுதில்லை நானா."

"உங்கட அப்பா கருவாடு காயப்போடுறவர்தானே? அதைச் சொல்லுங்க. மிஸ்ஸின்ட பூனையை விடுங்க" என்று கத்தினேன்.

"கருவாட்டுக்கு என்ன சொல்லெண்டு மிஸ் சொல்லித் தரேல்லை."

"தரமாட்டா. நீங்கதான் தேடோணும் புள்ள."

சொன்னபிறகு என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் தேடினாள். பக்கத்தில் இருந்தவனும் எட்டிப் பார்த்தான். அன்று பின்னேரம் அவள் பேச்சில் சல்லி என்ற பெயரைக் கேட்டேன். பிறகு இன்னொரு மேசையில் பாலையூற்று வந்தது. மூதூர் வந்தது. எங்கள் கிண்ணியாவும் வந்தது. பிழை பிழையாகத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் சிரித்துக்கொண்டு பேசினார்கள், தட்டுகிற என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் அறையை முழுதாகச் சுற்றி வந்தேன். ஒரு இடத்திலும் தட்ட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றேன், உள்ளே வர நேரமெடுத்தது.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள், மிஸ். வகுப்பை மூடவில்லை. ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த தவணை யார் படிப்பிப்பது என்று யாருக்கும் தெரியாது. தர்ஷினி கேக் கொண்டுவந்து தந்தாள், தின்றேன். எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். பரீட்சகர் போகும்போது, "இப்பதான் ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார். நல்லதாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் குத்தியது.

ஊரெல்லாம் சேர்ந்து உங்களை மண்ணில் வைத்தோம், அந்தப் பாரம் எல்லாருக்கும் பொது. ஆனால் அதற்குப் பிறகும் இந்தப் பிள்ளைகளின் வாயில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் ஜன்னலைத் திறந்தார்கள், உங்கள் பூனையை வளர்த்தார்கள், உங்களைப் போல மூச்சு விட்டார்கள். உங்கள் வகுப்பைக் காப்பாற்ற அங்கிருந்தும் உங்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. தட்டித் தட்டி அனுப்பியவன் நான் ஒருவன்தான். என் வலது கை விரல் முட்டி இன்னும் நோகிறது, மிஸ்.