சேஜ் செடியும் கழனித் தண்ணியும்

ஜன. 4, ஞாயிறு
காலையில் பனி. மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவைப் பழிவாங்க வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சேஜ் செடி. இலையைக் கசக்கினால் அன்னாசி வாசம். "திண்டிவனத்து வெயிலுக்கு மலைச்செடியா?" என்று ஆபீசே சிரித்தது. செடி தாங்கியது, மொட்டும் விட்டது. பூத்ததும் படமெடுத்து அத்தனை பேர் வாயையும் அடைக்க இருந்தேன். இன்று பார்த்தால் மொட்டோடு நுனிக்கிளை காணோம்.

அக்கா மறைக்கக்கூட இல்லை. "நான்தான் ஒடிச்சேன் தம்பி. கேட்டு வாங்கினா வேர் புடிக்காது. திருடி வச்சாத்தான் புடிக்கும்."

"பரவாயில்லீங்கக்கா." பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

ஜன. 20, செவ்வாய்
அக்காவின் பெயிண்ட் டப்பாவில் கிளை வேர் பிடித்துவிட்டது. தளதளவென்று. என்னுடையதில் இப்போதுதான் பக்கக்கிளையில் மறுபடி ஒரு மொட்டு.

வேரில் ஈரம் தங்கினால் சேஜ் அழுகிவிடும். நர்சரிக்காரர் சொன்னது. ஆகவே மதிலோரம் போய், தேன் ஒழுக: "அக்கா, இதுக்குக் காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு கழனித் தண்ணி ஊத்துங்க. அப்புறம் பாருங்க."

"அப்பிடியா தம்பி! உங்க மனசு யாருக்கு வரும்!"

கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது தோசைக்குள் சரியாகிவிட்டது.

ஜன. 22, வியாழன்
விழுப்புரம். தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன், ஒரு வாரம் நகர முடியாது. பட்டுவேட்டி நிற்கவில்லை. தொப்பையின் சதி.

பெண்ணை அனுப்பும்போது எல்லோரும் அழ, நான் மட்டும் சிரித்தேனாம். மனைவி: "இன்னா, பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" அழுகிய வேரை நினைத்தேன் என்றா சொல்வது?

ஜன. 29, வியாழன்
வீடு. நல்ல வெயில். பையைக்கூட இறக்காமல் மதிலுக்கு ஓடினேன்.

அக்கா செடி: பூ. செக்கச்செவேலென்று.
என் தொட்டி: புளித்த நாற்றம். தண்டு அடியில் கறுப்பு. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அக்கா சொம்போடு வந்தார். "ஊர்ல இல்லியே, செடி வாடிப்பூடுமேன்னு ரெண்டு வேளையும் எங்க ஊட்டுக் கழனித் தண்ணிய உங்களுதுக்கே ஊத்திக்கினு இருந்தேன் தம்பி. எங்களுதுக்கு ஊத்த மிச்சமே இல்ல."

"ரொம்ப நன்றிங்கக்கா."

"எங்களுதுக்கு உரம் எதுனா போடணுமா தம்பி?"

"யூரியா போடுங்க. கை நிறைய."