குழாய்ச் சத்தம்

கடல் தாண்டி இருக்கும் என் வீட்டு மகராசிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுதக் கை போகிறது. நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நம் மேனேஜர் மகள் மறுநாளே அதைப் பொம்மைகளிடம் வரி விடாமல் ஒப்பித்துவிடுகிறாள். அதனால்தான் அவளுக்கு இன்னும் படிக்க வராத கூட்டெழுத்தில் எழுதுகிறேன்.

மகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. பல் போனாலும் அதிகாரம் போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடைத் தையல் முன்னறையில் குவிந்து கிடக்கிறது. நான் மிஷினை மிதித்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதிக்கிறாள். நூல் அறுந்தால் நான் உச்சுக் கொட்டுவது போலவே கொட்டுகிறாள். ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான்.

போன வாரம் துணி கொடுக்க வந்த பேங்க் அம்மா, நான் அவளுக்கு ஜடை பின்னுவதைப் பார்த்துவிட்டு, "ஆம்பளை கையில சீப்பா, பாவம் சார் நீங்க" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நான் பின்னலைத் தொடர்ந்தேன். மேனேஜர் விடுவாளா? "உங்க வீட்ல அப்பா இல்லையா? அப்போ உங்க பாப்பாவுக்கு யாரு ஜடை போடுவாங்க?" என்று அந்த அம்மாவிடமே துக்கம் விசாரித்துவிட்டாள். அவர் போன பிறகு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. உடன் சிரிக்க நீ இல்லை. சமையலிலும் அளவு இன்னும் கைக்குப் பழகவில்லை, தினமும் ஓர் ஆள் சாப்பாடு மிஞ்சுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். மேல்வீட்டு டீச்சரின் பையன் விளையாட வந்திருந்தான். அம்மா அப்பா விளையாட்டு. அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நான் அப்பா, ஆபீஸ் போறேன் என்று கிளம்பினான். மேனேஜர் மறித்துவிட்டாள். "அப்பான்னா வீட்லதான் இருக்கணும். ஊருக்குப் போறது அம்மா" என்று சொல்லிவிட்டு, என் பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சட்டைக்குக் காஜா போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாவம் அந்தப் பையன், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதும், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டான். இவளுக்கு வந்ததே கோபம்! "அப்பா அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது. போன்ல 'உன் இஷ்டம்'னுதான் சொல்லணும். சொல்லிட்டு பாத்ரூம்ல போய் குழாயைத் தொறந்து விடணும்" என்று பாடம் எடுத்தாள். குழாய் எதுக்கு என்று கேட்டான் அவன். "அழுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான் என் கதை. என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் அவர் எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதும் கிடையாது. ஆம்பளை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று யாரும் சொல்லித் தராமலே நானும் படித்துக்கொண்டேன். இப்போது இவள் என்னைப் பார்த்துப் படித்துவிட்டாள். அப்பா என்றால் கூப்பிட மாட்டார், அம்மா என்றால் வா என்று கூப்பிட ஆளில்லை. சமைக்கவும் ஜடை பின்னவும் கற்றுக்கொண்டவனுக்கு இந்த ஒன்று மட்டும் வரவில்லை, பார்.

அந்தப் பையன் போன பிறகும் அவள் படியில்தான் இருந்தாள். விளையாட்டு முடிஞ்சிருச்சு, வாடா செல்லம் என்றேன். அம்மா அவ்வளவு சீக்கிரம் வர மாட்டாங்க என்றாள். கடைசியில் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று அன்றைக்குப் போனில் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். அது பொய். அங்கே உனக்கு இருக்கும் நல்ல பெயரைத் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன், அந்தப் பெருமை நிஜம். நீ கையெழுத்துப் போட்டாலும் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்காமலே விட்டேன் என்று இருக்கக் கூடாது. வந்துவிடு. பிள்ளை ஏங்குகிறாள் என்று அவளை முன்னால் நிறுத்தவில்லை. எனக்கு நீ வேண்டும், எனக்காகத்தான் கேட்கிறேன்.

இந்த வரியை எழுதும்போது கண் நிறைந்துவிட்டது. எழுந்து போகவில்லை. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். "குழாயைத் தொறந்து விடட்டுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம், இங்கேயே உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். வீட்டுக்கு வருகிற வழியிலும்.

இப்படிக்கு,
உன்னைக் கூப்பிடும்
உன் வீட்டுக்காரன்