கரண்டு வைத்த உடம்பு

சேசு மரி சூசை துணை.

மகளுக்கு அம்மா எழுதுவது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று ரயிலில் வந்து சேர்ந்தேன். அறுத்த புண் ஆறிவிட்டது. புற்றுக்குக் கரண்டு வைத்ததும் முடிந்தது. மீன்குழம்பு ருசிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம் என்று உன் அய்யா சொன்னார். "கரண்டு வச்ச உடம்பு, பச்சப்பிள்ளையத் தூக்குனா அடிச்சிரும்" என்று உன் மாமியார் சொன்னதையும் சொன்னார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் ஊருக்குக் கரண்டு வந்த புதிதில் கம்பியில் காக்கா செத்து விழுந்ததைப் பார்த்தவர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்ததால் டாக்டரிடமே கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்குதா ஆத்தா?" என்றார்.

"அடிச்சா ஒங்களுக்குல்ல தெரியும்" என்றேன். நர்சுகள் சிரித்துவிட்டார்கள்.

அந்தக் கரண்டு வெளிச்சம் போல உள்ளே போய்ப் புற்றைச் சுடுமாம். மிஷினை நிறுத்தியதும் உடம்பில் ஒன்றும் தங்காதாம். புற்றும் யாருக்கும் ஒட்டாதாம்.

இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டு. கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோயிலுக்கு வருவேன், பின்னால் நிற்பேன். பிள்ளையை நீயே கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

கொடுக்கும்போது வலப்பக்கமாகக் கொடு. நீ குடித்து வளர்ந்த இடப்பக்கத்தில் இப்போது வெறும் எலும்புதான். பிள்ளைக்குக் குத்தும்.

இப்படிக்கு,
உன் அம்மா